முதலில் கடன், பிறகு காணி!

பெருந்துறையிலிருந்து பல பக்கம் ரோடு போகிறது. ஈரோட்டுக்கு ஒன்று. கோவைக்கு ஒன்று. பவானிக்கு ஒன்று. சென்னிமலைக்கு ஒன்று. குன்னத்தூருக்கு ஒன்று.

எந்த ரோட்டில் போனாலும் ஒரே காட்சி. நேற்று வரை சோளம் விளைந்த காட்டில் இன்று வெள்ளைக் கல் நட்டிருக்கிறது. வாசலில் ஒரு வளைவு. வளைவில் ஏதோ ஒரு நகரின் பெயர். பக்கத்தில் பெரிய போர்டு.

"குறைந்த முன்பணம்! சுலபத் தவணை! இன்றே முந்துங்கள்!"

அந்தப் போர்டைப் படித்துக்கொண்டே பஸ்ஸில் போகிற இளைஞர்கள் பலர். படித்து முடித்தவர்கள். வேலைக்குப் போகிறவர்கள். கையில் முதல் சம்பளம். தலையில் கல்விக் கடன்.

"ஒரு மனை வாங்கிப் போட்டால் என்ன?" என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

அப்படி நினைப்பது தப்பு இல்லை. ஆனால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிய வேண்டும். வரிசை மாறினால் குடும்பம் தடுமாறும். அந்த வரிசையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பூமி ஆசை

கொங்கு நாட்டில் பூமி ஆசை இல்லாத மனிதர் இல்லை. நாலு பணம் சேர்ந்தால் பூமி வாங்குவார்கள். மாடு வாங்குவதற்கு முன்பே பக்கத்துக் காட்டின் மேல் கண் வைப்பார்கள்.

இந்த ஆசைக்குக் காரணமும் உண்டு. 1984-ல் பெருந்துறையில் கொங்கு என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. மருத்துவக் கல்லூரி வந்தது. 'சிப்காட்' தொழிற்பேட்டை வந்தது. சேலம்-கொச்சி நெடுஞ்சாலை அகலமானது. ஒவ்வொன்று வரும்போதும் நிலத்தின் விலை ஏறியது. சும்மா கிடந்த மானாவாரிக் காடு, சென்ட் கணக்கில் விலை போயிற்று.

அதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. ஆகவே "மனை வாங்கினால் நஷ்டம் வராது" என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஜெயித்தவர் கதை டீக்கடையில் பேசப்படுகிறது. தோற்றவர் வாயைத் திறப்பதில்லை.

ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? பணம் கட்டுங்கள், குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். பெருந்துறைதான் அந்த வியாபாரத்துக்கு நடுநாயகமாக இருந்தது. நகையை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு. 2012-ல் எல்லாம் இடிந்து விழுந்தது. பணம் போட்டவர்கள் போலீசுக்கு ஓடினார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்கு சர்க்கார் தீனி போட வேண்டி வந்தது.

நிலம் ஈமு கோழி அல்ல. அது ஓடிப் போகாது. ஆனால் "இன்றே முந்துங்கள்" என்று எவன் அவசரப்படுத்தினாலும், அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெருந்துறை படித்த பாடம் அது.

அப்பாவும் மகனும்

பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது.

"ஏனுங்கப்பா, எங்க ஆபீசுல ஒருத்தர் மனை வாங்கியிருக்காருங்க. நாமளும் ஒண்ணு வாங்கிப் போடலாங்களா?"

"வாங்கலாம் கண்ணு. பாங்கிக் கடன் என்னாச்சு?"

"அது கெடக்குதுங்கப்பா. மெதுவாக் கட்டிக்கலாம்."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. கல்விக் கடன் சும்மா கிடப்பதில்லை. வளர்கிறது.

எப்படி வளர்கிறது? ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு மாணவர் நாலு வருடப் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் 4 லட்சம் கடன் வாங்குகிறார். வட்டி நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும், படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியது இல்லை. அது சலுகை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி உண்டு. தனி வட்டி.

முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50 ஆயிரம். இரண்டாவது லட்சத்துக்கு 40 ஆயிரம். மூன்றாவதற்கு 30 ஆயிரம். நாலாவதற்கு 20 ஆயிரம். ஆக 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

வாங்கியது 4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் நிற்பது 5 லட்சத்து 40 ஆயிரம்!

பல பெற்றோருக்கு இது தெரியாது. "நாலு லட்சம்தானே வாங்கினோம்?" என்று பாங்கியில் சண்டை போடுகிறார்கள்.

இந்த 5 லட்சத்து 40 ஆயிரத்தைப் பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து வருடத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 11,470 ரூபாய். பத்து வருடக்காரர், ஐந்து வருடக்காரரை விட மொத்தத்தில் 1 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டுகிறார்.

கடனைச் சீக்கிரம் அடைப்பதே ஒரு லாபம். இந்த லாபத்துக்குத் தரகர் இல்லை. வில்லங்கம் இல்லை. நஷ்டமும் இல்லை.

கையெழுத்து இரண்டு

கல்விக் கடன் பத்திரத்தில் மகனோ மகளோ மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை. அப்பா அல்லது அம்மாவும் போடுகிறார். அவரும் கடன்காரரே.

கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் மார்க் போடுகிற நிறுவனங்கள் இந்நாட்டில் இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றது 'சிபில்'. மார்க் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் நல்ல மார்க் என்று பாங்கிகள் கருதுகின்றன. தவணை தவறினால் மார்க் குறையும். 90 நாள் தொடர்ந்து கட்டாவிட்டால், வாராக் கடன் என்று பாங்கி எழுதிவிடும்.

மகன் தவணை தவறினால் அப்பாவின் பெயரும் கெடும். நாளைக்கு அப்பா டிராக்டருக்குக் கடன் கேட்பார். கிடைப்பது கடினம். தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்பார். அங்கேயும் இந்தக் கறை தெரியும்.

யோசித்துப் பாருங்கள். அண்ணன் ஐந்து சென்ட் மனைக்கு ஆசைப்பட்டான். அதற்காகத் தங்கையின் கல்லூரிக் கதவு அடைபட வேண்டுமா?

சம்பளம் 25 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கடனுக்கு 7,140. மனைத் தவணைக்கு 10,000. மீதி 7,860. அதில் வாடகை, சாப்பாடு, பஸ், செல்போன். வீட்டுக்கு அனுப்புவது எங்கே? காய்ச்சல் வந்தால் எங்கே போவது? ஒரு மாதம் இடித்தால் முதலில் எந்தத் தவணை நிற்கும்? கல்விக் கடன் தவணைதான் நிற்கும். மனை கைவிட்டுப் போகுமே என்று பயந்து அதற்குக் கட்டுவார்கள். பாங்கி பொறுக்கும் என்று நினைப்பார்கள். பாங்கி மார்க்கைக் குறைத்துவிடும்.

மனை வாங்குவதற்காகக் கந்து வட்டிக்குப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரே வார்த்தைதான் உண்டு. வேண்டாம்!

காலி மனை கறக்காது

பசு மாடு வாங்கினால் காலையிலும் மாலையிலும் பால் கறக்கும். தென்னை வைத்தால் காய் தரும். காலி மனை எதுவும் தராது. விலை ஏறும் வரை சும்மா கிடக்கும். கடன் வட்டியோ ஒரு நாளும் சும்மா இருக்காது.

இன்னொரு கணக்கு. 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்குகிறீர்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக 90 ஆயிரம் ரூபாய். தரகு நூற்றுக்கு ஒன்று என்றால் 10 ஆயிரம். வாங்கிய அன்றே 1 லட்சம் செலவு.

ஒரு வருடம் கழித்து 11 லட்சத்துக்கு விற்கிறீர்கள். "ஒரு லட்சம் லாபம்" என்று ஊர் சொல்லும். உண்மையில் லாபம் ஒரு காசு கூட இல்லை. போட்ட செலவுதான் திரும்பி வந்தது. கடன் வாங்கி வாங்கியிருந்தால் வட்டி நஷ்டம்.

ஆகவே மனை என்பது ஒரு வருடத்து வியாபாரம் அல்ல. பத்து வருடம் தொடாமல் வைத்திருக்க முடிந்தவருக்கே அது ஏற்றது. தலையில் கடன் இருப்பவரால் அப்படி வைத்திருக்க முடியாது. அவசரத்துக்கு விற்பார். அவசரத்துக்கு விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்?

இளைஞர்கள் சொத்துச் சேர்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சேர்க்கத்தான் வேண்டும். வரிசையாகச் சேர்க்க வேண்டும்.

முதலில் பாங்கிக்குப் போங்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்த மாதம் முதல் தவணை என்று எழுதி வாங்குங்கள். ஆண்டு வருமானம் 4½ லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, தொழிற்படிப்புக் கடனில் படிப்புக் கால வட்டியை மத்திய சர்க்காரே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. 2024 நவம்பரில் 'வித்யாலட்சுமி' என்ற புதிய திட்டமும் வந்தது. 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையுள்ள கடனில் நூற்றுக்கு 3 வட்டிச் சலுகை அதில் உண்டு. எல்லாக் கல்லூரிகளுக்கும் இவை பொருந்துவதில்லை. உங்களுக்கு உண்டா என்று கேளுங்கள். கேட்காதவருக்குக் கிடைப்பது அரிது.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். 1 லட்சத்துக்கு மாதம் சுமார் 830 ரூபாய்தான். பின்னால் 5 லட்சத்து 40 ஆயிரம் என்று திடுக்கிட வேண்டியிராது.

வேலை கிடைக்கவில்லையா? ஒளியாதீர்கள். மானேஜரைப் பாருங்கள். தவணையைத் தள்ளி வைக்கவோ, காலத்தை நீட்டவோ கேளுங்கள். வசூல் ஏஜெண்டு வந்து மிரட்டினால் பயப்பட வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும், மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் உத்தரவு.

அடுத்தது, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம். அது இல்லாமல் நிலத்தின் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் பூமியைப் பாருங்கள். பெருந்துறையில் மாணவர்கள் தங்க இடம் தேடுகிறார்கள். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். அப்பாவின் இடத்தில் இரண்டு லைன் வீடு கட்டினால் மாதாமாதம் வாடகை வரும். அக்கம்பக்கத்தில் வாடகை என்ன என்று முதலில் விசாரியுங்கள். முறைப்படி அனுமதி வாங்குங்கள். சேமிப்புக்குள் கட்டுங்கள். வருகிற வாடகையைக் கல்விக் கடனில் கட்டுங்கள். புதிதாக ஐந்து சென்ட் வாங்குவதை விட, இருக்கிற இடத்தைச் சம்பாதிக்க வைப்பது மேல்.

கடன் முழுவதும் தீரும் வரை மனையே வாங்கக் கூடாதா? அப்படியும் இல்லை. இரண்டு வருடம் ஒரு தவணை கூடத் தவறாமல் கட்டியிருக்க வேண்டும். மனை விலையில் மூன்றில் ஒரு பங்கும், பத்திரச் செலவும் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் நூற்றுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக வாங்கலாம் என்பது நம் கருத்து.

காகிதம் பேச வேண்டும்

வாங்கும்போது தரகர் பேச்சைக் கேட்காதீர்கள். காகிதம் என்ன பேசுகிறது என்று கேளுங்கள்.

மூலப் பத்திரம் பாருங்கள். விற்பவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று குறைந்தது முப்பது வருடத்துக்குத் தெரிய வேண்டும். வில்லங்கச் சான்று பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கத்தையும் பட்டாவையும் இப்போது வீட்டிலிருந்தே செல்போனில் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கேளுங்கள். பார்த்துச் சொல்லும்.

மனைப் பிரிவுக்கு நகர ஊரமைப்பு இலாகாவின் அனுமதி இருக்க வேண்டும். 'டி.டி.சி.பி. அப்ரூவல்' என்று சொல்வது இதைத்தான். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஆசையாக வாங்கிய பல்லாயிரம் பேர் அன்று கலங்கி நின்றார்கள். பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் சர்க்கார் விதிகள் கொண்டு வந்தது. அந்தச் சங்கடம் உங்களுக்கு ஏன்?

500 சதுர மீட்டருக்கும் 8 மனைக்கும் மேற்பட்ட பிரிவுகள் 'ரேரா' அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 12 சென்ட். போர்டில் ரேரா நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டியைத் திருப்புங்கள்.

கோயில் நிலமா, பூதான நிலமா, பஞ்சமி நிலமா, ஓடைப் புறம்போக்கா என்று கிராம நிர்வாக அதிகாரியிடம் கேளுங்கள். நேரில் போய் நில்லுங்கள். ஒரு மழை நாளில் போய் நின்றால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நிலம் விற்பதற்கு 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு. விற்பனை ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். "தவணை முடிந்ததும் பத்திரம் தருகிறோம்" என்று வெறும் கார்டில் கையெழுத்துப் போட்டுத் தருகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு சேதி. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைகிறது. 10 லட்சத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் மிச்சம். அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்குங்கள். பணமும் மிச்சம். வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு பிடிமானம்.

பாங்கிக்கும் சர்க்காருக்கும்

பாங்கிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் கொடுக்கும் நாளில் பெற்றோரிடம் பத்து இடத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள். தவணை என்றைக்குத் தொடங்கும், அன்றைக்குக் கடன் எவ்வளவாக நிற்கும் என்று தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பாதி வாராக் கடன் அறியாமையால் வருகிறது என்பது நம் எண்ணம்.

கல்லூரிகளும் கடைசி வருடத்தில் ஒரு நாள் பெற்றோரை அழைத்து இந்தக் கணக்கைச் சொல்லலாம். வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகளை அழைக்கிறவர்கள், கடன் கணக்குச் சொல்ல ஒரு பாங்கி அதிகாரியை அழைக்கக் கூடாதா?

சர்க்கார் ஒன்று செய்யலாம். அந்தந்த ஊரில் அனுமதி பெற்ற மனைப் பிரிவுகள் எவை என்று ஊராட்சி அலுவலகத்திலும் பஸ் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். இணையத்தில் தேடத் தெரியாதவரும் அதைப் படிப்பார்.

நாணயமே முதல் சொத்து

பெருந்துறையில் மஞ்சளும் கொப்பரையும் ஏலம் போகின்றன. அங்கே பழகிய வியாபாரிக்கு ஒன்று தெரியும். சொன்ன நாளில் பணம் கொடுப்பவருக்குச் சரக்கு கிடைக்கும். நாணயம் கெட்டவருக்கு அடுத்த வாரம் யாரும் சரக்குத் தரமாட்டார்கள்.

பாங்கியும் அப்படியே. கல்விக் கடனைச் சொன்ன தேதியில் கட்டி முடித்த இளைஞனுக்கு நாளை வீட்டுக் கடன் தேடி வரும். நாணயம்தான் அவன் வாங்குகிற முதல் சொத்து. அதற்குப் பத்திரச் செலவு இல்லை.

அப்பா காட்டை விற்காமல், பாங்கியில் கையெழுத்துப் போட்டுப் படிக்க வைத்தார். மகன் முதலில் அந்தக் கையெழுத்தை மீட்கட்டும். ரோட்டோரத்து வெள்ளைக் கல் எங்கும் போய்விடாது. அது காத்திருக்கும்.